பூட்டைத் தவறான கதவில் போட்டோம்

பாகூர்ப் பக்கத்தில் எனக்கு ஒரு வாசகி இருந்தார். இப்போது இல்லை. அவரை விரட்டியது நான்தான்.

வில்லியனூர் கொம்யூனில் உட்கார்ந்துகொண்டு சில வருஷங்களாக ஒரு சின்ன இலக்கியத் தளம் நடத்துகிறேன். என் சிறுகதைகள், கொஞ்சம் மொழிபெயர்ப்பு, படித்த புத்தகங்களைப் பற்றிய குறிப்புகள். நல்ல நாளில் நாற்பது பேர் வருவார்கள். ஒருநாள் நண்பர் ஒருவர் சொன்னார் என்று இலவச வருகை எண்ணி ஒன்றைத் தளத்தில் ஒட்டினேன். இரண்டு வரி நிரல், ஒட்ட அரை நிமிஷம் ஆகவில்லை. அடுத்த நாள் காலையில் திறந்து பார்த்தால் ஒரே திருவிழா. யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், எந்தக் கதையைத் திறந்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள், கையில் என்ன போன், முன்னாடி வந்தவரா புதுசா, எல்லாம் தெரிந்தது. ஊர்ப் பெயர் மட்டும் பெரும்பாலும் தப்பாக இருக்கும். எங்க ஊர் ஆளைச் சென்னை என்று காட்டும்.

ஊர் தப்பாக இருந்தால் என்ன? ஒரு லட்சம் பேர் வரும் இடத்தில் இந்த விவரங்கள் வெறும் புள்ளிகள். நாற்பது பேர் வரும் இடத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு முகம் உண்டு.

கல்யாணத்தை முறித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குத் திரும்பும் ஒரு பெண்ணைப் பற்றி ஒரு கதை எழுதியிருந்தேன். ஒரு பழைய போன் அந்தக் கதையை ராத்திரி பதினொன்றரைக்கு மேல் திறந்தது. மறுநாளும் திறந்தது. ஒன்பது ராத்திரி. இப்போது கடைகளில் கிடைக்காத ரகம் அது. அப்படி ஒரு போனை எனக்குத் தெரிந்து வைத்திருந்தவர் ஒருவர்தான். அந்தக் கதையின் இணைப்பை அவருக்கு அனுப்பியதும் நானே.

வில்லியனூர்த் தேரோட்டத்தன்று கூட்டத்தில் அவரைப் பார்த்தேன். எழுத்தாளன் என்கிற திமிர் தலைக்கேறியிருந்தது. "அந்தக் கதைய நைட்டு நைட்டு படிக்கிறீங்க போல?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். பக்கத்தில் அவர் மாமியார் நின்றிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். அவர் முகம் சட்டென்று வெளுத்துப்போனது. "இல்லண்ணா, நான் எதுவும் படிக்கிறதில்ல" என்றார். அன்று ராத்திரியிலிருந்து அந்தப் போன் என் தளத்துக்கு வரவே இல்லை.

(அவரை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இந்தப் புத்தி அன்றைக்கே இருந்திருக்கலாம்.)

இதே காலத்தில் என் தளத்தின் அடியில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? "அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை. அனுமதியின்றி ஒரு வரியைக்கூடப் பயன்படுத்தக் கூடாது." வலது சொடுக்கை முடக்கியிருந்தேன். எழுத்தைத் தேர்வு செய்யவே முடியாது. காரணம் இருந்தது. யாரோ ஒருவர் என் கதை ஒன்றை முழுக்க வாசித்து வீடியோவாகப் போட்டிருந்தார். என் பெயர் எங்கேயும் இல்லை. அந்தக் கோபத்தில் எல்லாவற்றையும் பூட்டினேன்.

ஆக, நான் கட்டிய வீட்டில் எழுத்துக்கு இரும்புப் பெட்டி, வாசகருக்குக் கண்ணாடிச் சுவர். இது என் ஒருவனின் முட்டாள்தனம் என்றால் இந்தக் கட்டுரையே வேண்டாம். நம் சின்னச் சின்ன இலக்கியத் தளங்களில் பத்தைத் திறந்து பாருங்கள், பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கும். என் வாதம் ஒன்றுதான்: பூட்ட வேண்டியதைத் திறந்துவைத்திருக்கிறோம், திறக்க வேண்டியதைப் பூட்டிவைத்திருக்கிறோம்.

*

இந்த இரண்டு தவறுகளுக்கும் முன்கதை என் வீட்டிலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளி, புதுச்சேரியில் இருக்கிறது. இரண்டுமே ஒரே ஆளுக்கு நடந்தது. பாரதிக்கு.

1908-இல் பாரதி பிரிட்டிஷ் போலீசுக்குத் தப்பிப் பிரெஞ்சுப் புதுச்சேரிக்கு வந்தார். 'இந்தியா' பத்திரிகையும் இங்கே வந்தது. பிரெஞ்சு மண்ணில் பத்திரிகை அச்சடிப்பதைப் பிரிட்டிஷ்காரர்களால் தடுக்க முடியவில்லை. அதனால் எல்லைக்கு அந்தப் பக்கம், தங்கள் ஆட்சிப் பகுதிக்குள் அது வராமல் தடுத்தார்கள். வாசகரைச் சென்றடைய முடியாத பத்திரிகை எத்தனை நாள் தாங்கும்? 1910 மார்ச்சில் 'இந்தியா' நின்றது. எழுதுகிறவரின் கையைக் கட்ட வேண்டிய அவசியமே இல்லை, வாசிக்கிறவரைத் துண்டித்தால் போதும் என்பது நூறு வருஷத்துக்கு முன்னாலேயே அதிகாரத்துக்குத் தெரிந்திருந்தது.

அதோடு நிற்கவில்லை. ஒற்றர்கள் ஊருக்குள் வந்து தங்கினார்கள். பாரதி, அரவிந்தர், வ.வே.சு. ஐயர் வீடுகளுக்கு யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று குறித்தார்கள். தபாலைக் கண்காணித்தார்கள். 1911 ஜூன் 17-ஆம் தேதி மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு இந்தக் கெடுபிடி பல மடங்கானது. பாரதி வீட்டு வாசற்படியை மிதிப்பதே ஒரு தகவல் ஆனது.

அந்தத் தெருமுனையில் நின்ற ஒற்றன் என்ன குறித்திருப்பான்? வந்தவர் யார், எத்தனை மணிக்கு வந்தார், எவ்வளவு நேரம் இருந்தார், முன்பே வந்தவரா, புதியவரா. என் தளத்து எண்ணி குறித்ததும் இதேதான். ஒரு வித்தியாசம் உண்டு. பாரதி வீட்டு வாசலில் ஒற்றனை நிறுத்தியது பிரிட்டிஷ் சர்க்கார். என் வீட்டு வாசலில் நிறுத்தியது நான்.

"அது கொலை வழக்கு, அரசியல். இது கதை படிக்கிற விஷயம். ரெண்டையும் ஒண்ணா வைக்கலாமா?" என்று கேட்பீர்கள். கேளுங்கள். என் நோக்கம் கெட்டதில்லைதான். ஆனால் குறிப்பு எழுதப்பட்டுவிட்டால் அது எழுதியவனின் நோக்கத்தோடு நிற்பதில்லை. பாரதியைப் பற்றிய போலீஸ் அறிக்கைகள் அந்தச் சாம்ராஜ்யத்தையும் தாண்டி இன்றும் ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. ஆய்வாளர்கள் அவற்றை எடுத்து வரலாறு எழுதுகிறார்கள். நமக்கு லாபம்தான். அந்தத் தெருவில் நடந்துபோன ஆட்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

*

இப்போது இரண்டாவது கதை. பாரதி 1921 செப்டம்பரில் இறந்தார். குடும்பத்துக்குச் சொத்தென்று இருந்தது எழுத்து மட்டும்தான். பதிப்புரிமை குடும்பத்தாரிடமிருந்து பாரதி பிரசுராலயத்துக்குப் போனது. பாடல்களை இசைத்தட்டாகவும் ஒலிபரப்பாகவும் பயன்படுத்தும் உரிமை தனியாகப் பிரிந்து ஜேசிங்லால் மேத்தா என்ற வியாபாரியிடம் போய், அவரிடமிருந்து ஏ.வி. மெய்யப்பனிடம் வந்தது. 1948-இல் டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாரதி பாட்டைப் பயன்படுத்தியபோது ஏ.வி.எம். எதிர்ப்புத் தெரிவித்தது. விஷயம் நீதிமன்றம்வரை போனது. நாடு விடுதலை அடைந்து ஒரு வருஷம். விடுதலைக்குப் பாடியவரின் பாட்டைப் பாட உரிமையாளரின் அனுமதி வேண்டும்!

தமிழ்நாடு கொதித்தது. எழுத்தாளர்களும் கலைஞர்களும் பத்திரிகைகளும் சேர்ந்து கேட்டதன் பேரில் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு 1949-இல் உரிமையை வாங்கியது. மெய்யப்பன் தன்னிடம் இருந்ததைப் பணம் வாங்காமல் கொடுத்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். அப்புறம் அரசு அதைத் தன் பெட்டியில் பூட்டி வைக்காமல் மக்களுக்கே விட்டது. ஆ.இரா. வேங்கடாசலபதி 'பாரதி: கவிஞனும் காப்புரிமையும்' என்று இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். தளம் நடத்தும் ஒவ்வொருவரும் அதைப் படிக்க வேண்டும்.

திறந்துவிட்டதால் என்ன ஆனது? பாரதியின் பெயர் கெட்டதா? எந்தப் பள்ளிக்கூட மேடையிலும் பாட முடிந்தது. பத்து ரூபாய்ப் பதிப்பும் வந்தது, ஆய்வுப் பதிப்பும் வந்தது. 1998 பொங்கலுக்கு மதுரைத் திட்டம் தொடங்கி, உலகமெங்கும் இருந்த தமிழர்கள் சம்பளமில்லாமல் தட்டச்சு செய்து பழைய நூல்களை இணையத்தில் ஏற்றியபோது பாரதி தடையில்லாமல் உள்ளே வந்தார். பூட்டு இல்லாத எழுத்துதான் தலைமுறை தாண்டியது.

ஒரே மனிதர். அவர் எழுத்துக்குப் பூட்டுப் போட்டார்கள், அவர் வீட்டுக்கு வந்தவர்களைக் கணக்கெடுத்தார்கள். இரண்டையும் அநியாயம் என்று நாம் மேடை போட்டுப் பேசுகிறோம். பேசிவிட்டு வீட்டுக்கு வந்து நம் தளத்தில் அதே இரண்டையும் செய்கிறோம்.

*

"உன் பேரை வெட்டிட்டு உன் கதையை எவனோ விக்கிறான், அதைப் பார்த்துட்டு சும்மா இருக்கச் சொல்றியா?" இது நியாயமான கோபம். எனக்கும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் இந்தப் பூட்டு யாரைத் தடுக்கிறது என்று பாருங்கள்.

திருடுகிறவரை அது தடுக்கவில்லை. என் கதையை வீடியோவில் வாசித்தவர் எதையும் நகல் எடுக்கவில்லை, திரையைப் பார்த்து வாசித்தார். இன்னொருவர் திரைப்பிடிப்பு எடுப்பார். வலது சொடுக்கு முடக்கத்தை உடைக்கப் பள்ளிக்கூடப் பையனுக்குப் பத்து வினாடி போதும்.

தடுக்கப்பட்டது வேறு ஆட்கள். ஒரு பத்தியை மேற்கோள் காட்டி என்னோடு சண்டை போட நினைத்த விமர்சகர். தெரியாத ஒரு சொல்லை எடுத்து அகராதியில் போட்டுப் பார்க்க நினைத்த மாணவி. எல்லாவற்றுக்கும் மேலாக, பார்வை இல்லாத வாசகர். பூட்டு போதாது என்று சிலர் கவிதையைப் படமாகவே போடுகிறார்கள். திரைவாசிப்பான் அந்தப் படத்தின் முன்னால் ஊமையாகிவிடும். பார்வையற்றோருக்குப் படிக்கும் வடிவில் நூல்கள் கிடைக்க வேண்டும் என்ற மராக்கேஷ் ஒப்பந்தத்தை 2014-இல் உலகிலேயே முதலில் ஏற்றுறுதி செய்த நாடு இந்தியா. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் அதற்கான விலக்கு 2012 திருத்தத்திலேயே வந்துவிட்டது. நாடே திறந்துவைத்த கதவை ஒரு கவிஞர் தன் தளத்தில் சாத்துகிறார்.

சட்டம் தெரியாததால் வருகிற பயம்தான் பாதிக்கும் மேல். 1957-ஆம் வருஷத்துச் சட்டப்படி எழுதிய கணமே உரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது. பதிவு வேண்டாம், வட்டத்துக்குள் எழுத்துப் போட வேண்டாம். உங்கள் ஆயுளுக்குப் பிறகும் அறுபது வருஷம் நிற்கும். 57-ஆம் பிரிவு இன்னும் முக்கியம்: உரிமையையே விற்றுவிட்டாலும், இதை எழுதியவர் நான் என்று சொல்லும் உரிமையும், படைப்பைச் சிதைத்துப் பெயரைக் கெடுப்பதை எதிர்க்கும் உரிமையும் உங்களிடமே இருக்கும். அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு விமர்சனம், மதிப்புரை, ஆய்வு, சொந்தப் படிப்பு ஆகியவற்றுக்கு நியாயமான அளவில் எடுத்தாள அனுமதி தருகிறது. "ஒரு வரியைக்கூட" என்று நான் போட்ட மிரட்டலுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. அது வெறும் உறுமல்.

உண்மையான திருட்டுக்கு வழியும் அங்கேயே இருக்கிறது. படைப்பைத் தாங்கி நிற்கும் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்தால் 36 மணி நேரத்துக்குள் அதை முடக்க வேண்டும். 21 நாளுக்குள் நீங்கள் நீதிமன்ற ஆணை வாங்கி வந்தால் அந்த முடக்கம் தொடரும். எழுத்தாளனுக்கு இதெல்லாம் அலைச்சல்தான். ஆனால் தப்பு செய்தவரைத் தேடிப் போகிற அலைச்சல் இது. எல்லா வாசகரையும் திருடராக நினைத்துக் கட்டுகிற வேலி இல்லை.

யோசித்துப் பார்த்தபோது எனக்கு வலித்தது காசுக்காக இல்லை, பெயருக்காக. அந்த வீடியோவில் "இந்தக் கதையை எழுதியவர் இன்னார்" என்று ஒரு வாக்கியம் வந்திருந்தால் நானே நாலு பேருக்கு அனுப்பியிருப்பேன். அப்படியென்றால் நான் கேட்க வேண்டியது பெயரைத்தான். படைப்பாக்கப் பொதும உரிமங்கள் இதற்காகவே இருக்கின்றன. பெயர் போடு, சிதைக்காதே, விற்காதே என்று தெளிவாகச் சொல்லி மற்றதைத் திறந்துவிடலாம். 2013-இலிருந்து ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் குழுவினர் இந்த வழியில்தான் மின்னூல்கள் வெளியிடுகிறார்கள். புத்தகம் விற்று வயிறு வளர்ப்பவர்களுக்கு இது பொருந்தாது, அவர்கள் உரிமையை அவர்கள் காக்கட்டும். நாற்பது பேர் வருகிற தளத்தில் நான் எந்த வியாபாரத்தைக் காக்கிறேன்?

*

"சரி, விளம்பரம் போட்டாத்தானே தளம் நடத்த முடியும்? அதுக்கு எண்ணிக்கை வேணுமே?" நானும் ஒரு வருஷம் விளம்பரம் போட்டேன். வந்த காசில் வில்லியனூர் மார்க்கெட்டில் ஒரு வாரத்துக் காய்கறி வாங்கலாம், அதுவும் கத்திரிக்காய் மலிந்த வாரத்தில். அந்தக் காசுக்கு நான் கொடுத்தது என் நாற்பது வாசகரின் ராத்திரிகளை.

எழுத்துக்கும் படிப்புக்கும் சோறு யார் போடுவது என்பது பழைய கேள்வி. பாகூரிலேயே அதற்கு ஒரு பழைய பதிலும் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கனின் ஆட்சியில் பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களின் வருவாயைக் கொடுத்ததைப் பாகூர்ச் செப்பேடுகள் சொல்கின்றன. அந்தக் கல்விக்கூடத்துக்குள் எல்லாச் சாதியும் நுழைந்திருக்குமா என்ற கேள்வியை நான் மறக்கவில்லை. நான் எடுத்துக்கொள்வது ஒன்றைத்தான்: படிப்புக்கான செலவை வெளிப்படையாக, எழுத்தில், கணக்கில் வைத்தார்கள். நம்முடைய ஏற்பாட்டில் செலவு கணக்கிலேயே வராது. வாசகருக்குத் தெரியாமல் வாசகரிடமிருந்தே எடுக்கிறோம். தளத்துக்கு வருஷத்துக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகிறது. என் கைக்காசில் கட்டுகிறேன். முடியாத வருஷம் நேரடியாக வாசகரிடமே கேட்பேன். அதில் மானக்கேடு ஒன்றும் இல்லை.

எண்ணியை எடுத்தால் மட்டும் போதாது. இது பலருக்கும் தெரியாத இடம், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். உங்கள் தளத்தின் அழகான தமிழ் எழுத்துரு கூகுளின் கிடங்கிலிருந்து வருகிறதா? அப்படியானால் உங்கள் பக்கம் திறக்கும்போது வாசகரின் போன் அங்கேயும் போய்த் தட்டுகிறது. தட்டும்போது தன் இணைய முகவரியையும், எந்தத் தளத்திலிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறது. ஒட்டிவைத்த வீடியோவும், பகிர்வுப் பொத்தான்களும் இப்படியே. 2022 ஜனவரியில் ஜெர்மனியின் மியூனிக் நீதிமன்றம், வாசகரின் சம்மதம் இல்லாமல் இப்படி எழுத்துரு எடுத்ததற்காக ஒரு தளக்காரரை 100 யூரோ இழப்பீடு கொடுக்கச் சொன்னது. எழுத்துருக் கோப்பை இறக்கி உங்கள் தளத்திலேயே வைத்துக்கொள்ள அரை மணி நேரம் போதும். நான் செய்தேன். நான் கணினிப் பொறியாளன் இல்லை.

இங்கே நம்மை அப்படி யாரும் நீதிமன்றத்துக்கு இழுக்கப்போவதில்லை. 2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமை அடிப்படை உரிமை என்று சொன்னார்கள். 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ஆனாலும் நாற்பது பேர் வரும் தளத்தைத் தேடி எந்த அதிகாரியும் வரமாட்டார். சட்டம் வராத இடத்தில் மரியாதைதான் சட்டம். அந்த மரியாதையை நாம் தராவிட்டால் வேறு யார் தருவார்கள்?

*

யார் படிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசை தப்பா என்று கேட்பவர்களுக்கு: ஆசை எனக்கும் உண்டு. தெரியாமல் எழுதுவது இருட்டில் பேசுவது மாதிரி. ஆனால் அதற்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு நல்ல வழி இருக்கிறது, வாசகர் கடிதம். அதில் தன்னை எவ்வளவு காட்டுவது என்று வாசகர் தீர்மானிக்கிறார். பெயர் போடலாம், ஊர் மட்டும் போடலாம், எழுதாமலே இருந்துவிடலாம். எழுதாமல் இருப்பதும் அவர் உரிமைதான்.

சின்ன வயதில் நான் போன நூலகத்தில் வாசலில் ஒரு பதிவேடு இருக்கும். பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். அவ்வளவுதான். உள்ளே எந்த அலமாரியில் நின்றேன், எந்தப் பக்கத்தில் அழுதேன் என்று எந்த நூலகரும் எழுதிவைக்கவில்லை. எழுதியிருந்தால் வீட்டுக்குத் தெரியக்கூடாத புத்தகங்களை நான் தொட்டிருக்கவே மாட்டேன். எழுத்தாளனும் ஆகியிருக்க மாட்டேன். எங்க ஊர் மாதிரியான இடங்களில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். டீக்கடையில் நின்றால் தெரியும், பஸ்ஸில் ஏறினால் தெரியும். ஒரு பெண் யாருக்கும் தெரியாமல் போகக்கூடிய ஒரே இடம் சில சமயம் ஒரு கதைதான். அந்த இடத்திலும் போய் நான் எண்ணியை மாட்டினேன்.

தளம் வைத்திருக்கும் நண்பர்களே, இன்று ராத்திரி உங்கள் தளத்தை ஒரு அந்நியரைப் போலத் திறந்து பாருங்கள். எத்தனை வெளிக்கிடங்குகளை உங்கள் பக்கம் தட்டுகிறது என்று எண்ணுங்கள். எண்ணுவதென்றால் அதை எண்ணுங்கள். தேவையில்லாததைப் பிடுங்குங்கள். சேவையகக் குறிப்பேட்டை ஒரு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள். அடியில் இருக்கும் உறுமலை எடுத்துவிட்டு, என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று மனிதத் தமிழில் நாலு வரி எழுதுங்கள்.

நான் எழுதியிருப்பது இது: "இங்கே உள்ளதை நகல் எடுக்கலாம், அச்சடிக்கலாம், வாசித்துக் காட்டலாம். என் பெயரைப் போடுங்கள், மாற்றாதீர்கள், விற்காதீர்கள். நீங்கள் யார் என்று இந்தத் தளம் கேட்காது."

அந்தக் கதை இன்னும் அங்கேயே இருக்கிறது. பாகூர்ப் பக்கத்தில் யாராவது பதினொன்றரைக்கு மேல் அதைத் திறக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியவும் கூடாது.